புதுத் தொட்டியில் மீன்கள் ஏன் செத்துப்போகின்றன?

வார இறுதியில் ரெண்டடி கண்ணாடித் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, பத்து மீன் என எல்லாவற்றையும் ஒரே பில்லில் வாங்கி வருபவர்கள் ஏராளம். அன்று இரவே மீன்கள் நீந்தத் தொடங்கிவிடும். முதல் சில நாள்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் ஒன்று மிதக்கும், மறுநாள் இன்னும் இரண்டு. "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லப்பா" என்று சொல்லி, காலித் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

இதில் ராசிக்கு வேலையே இல்லை. பெரும்பாலான நேரங்களில் மீனிலும் குறை இருக்காது. தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது, ஆனால் தயாராக இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால், புதிதாகத் தொட்டி வைப்பவர்களின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன்கள் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து போய்விடும். 50 லிட்டர் தொட்டியில் அதற்குப் போக இடமில்லை. நாளுக்கு நாள் சேர்ந்து செவுளை அரிக்கும்.

இதைச் சுத்தம் செய்ய இயற்கையிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் அது தடுத்துவிடும். தண்ணீரில் காற்று போதுமான அளவு இருந்தும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் ஆபத்து மிகக் குறைவு, செடிக்கு அது உரம். இதைத்தான் நைட்ரஜன் சுழற்சி என்கிறார்கள்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்ச், மணல், கல், இலை ஆகியவற்றின் மேல் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை அநேகமாக இல்லவே இல்லை. தேவையான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்களை விட்டால் சொந்தக் கழிவிலேயே அவை மூழ்கிவிடும்.

செடி என்ன செய்யும்?

பிளாஸ்டிக் செடிக்குப் பதிலாக நிஜச் செடி வைப்பது அழகுக்காக மட்டுமல்ல. செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும், பகலில் ஆக்சிஜன் தரும், பாசிக்குப் போகும் சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

இதை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்து, 1850-ல் முடிவை வெளியிட்டார். முதலில் அவருக்கும் சிக்கல் வந்தது. செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கெட்டது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்ட பிறகே தொட்டி சீரானது. மீன், செடி, அழுகலைக் கையாளும் உயிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தொட்டி என்ற பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

எளிதாக வளரும் செடிகள்

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். இவற்றை மணலில் புதைக்கக் கூடாது. தடித்த தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். பள்ளிக்கூட ஒளிச்சேர்க்கைச் சோதனையில் குமிழி விடுமே ஹைட்ரில்லா, அது வேகமாக வளர்வதால் புதுத் தொட்டிக்கு நல்ல துணை.

இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்ட்டியையும் வைக்கலாம். நட்ட சில நாளில் அதன் இலைகள் கரைந்து போகலாம். பயந்து பிடுங்கிப் போட வேண்டாம், வேர் பிடித்ததும் புது இலை வரும்.

இந்தச் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். நேரடி வெயில் படும் ஜன்னலோரம் தொட்டி வைத்தால் செடியைவிடப் பாசிதான் முந்தும்.

தயிருக்கு உறை ஊற்றுவது போல

முதல் நாளில் மணல், செடி, தண்ணீர், ஃபில்டர் மட்டும் போதும். மீன் வேண்டாம். பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும் என்பதால் தினமும் ஒரு சின்னச் சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வரலாம். சில நாளில் தண்ணீர் பால் போலக் கலங்கினாலும் "மாத்திடலாமா?" என்று யோசிக்கத் தேவையில்லை, தானே தெளியும்.

காத்திருக்கும் நாளைக் குறைக்க ஒரு வழி உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பயன்படுத்திய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து புது ஃபில்டரில் வைக்க வேண்டும். பாலுக்கு உறை மோர் ஊற்றுவது போலத்தான் இது.

தொட்டி தயாரா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தயார். அப்போதும் முதலில் நாலைந்து சின்ன மீன்கள் மட்டும். மற்றவை இரண்டு வாரம் கழித்து.

தண்ணீருக்கேற்ற மீன்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் திறந்த பக்கெட்டில் 24 மணி நேரம் வைத்தோ, 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து கலந்தோதான் ஊற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீர்தான் சுத்தம் என்று அதை மட்டும் நிரப்புவது தவறு. மீனுக்கும் செடிக்கும் தேவையான தாதுக்கள் அதில் மிகக் குறைவு.

போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமாகவும் காரத்தன்மையோடும் இருக்கும். அதில் கப்பி, பிளாட்டி, மோலி நன்றாக வாழும். அமேசான் படுகையின் மென்மையான நீரிலிருந்து வந்த நியான் டெட்ரா திணறலாம். காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் விஷமும் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ரெண்டடி தொட்டிக்கு ஆறு ஜீப்ரா டானியோ நல்ல தொடக்கம். கப்பி என்றால் ஆண் மீன்களாகவே வாங்கலாம், இல்லாவிட்டால் சில மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும். கோல்டுஃபிஷ் 20 செ.மீ.க்கு மேல் வளரும். 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லித் தரப்படும் சக்கர் மீன் 30 செ.மீ.யைத் தாண்டும். சின்னத் தொட்டிக்கு இரண்டுமே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கழுவல்

நன்றாக ஓடும் தொட்டியையும் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். மீனைப் பக்கெட்டில் பிடித்துவிட்டு, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால், வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியாவில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வைக்க வேண்டும். கரண்ட் பில்லுக்காக இரவில் ஃபில்டரை நிறுத்தக் கூடாது. அழுகிய இலைகளை அவ்வப்போது கிள்ளி எடுக்க வேண்டும். தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

கோடையில் இன்னும் கவனம் தேவை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம்தான். செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்த நேரத்தில் ஏர் பம்ப் ஓடுவது நல்லது.

வளர்க்க முடியவில்லை என்றால்?

மீனையோ செடியையோ ஏரியிலும் குளத்திலும் விடக் கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வளர்ப்பு மீனாக வந்த சக்கர் மீன், இன்று இந்திய ஆறுகளிலும் ஏரிகளிலும் பெருகி, நம்மூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. முட்கள் நிறைந்த அதன் உடலில் சிக்கி மீனவர்களின் வலைகளும் கிழிகின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பித் தருவதும், தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுப்பதும்தான் சரியான வழி.

புதிதாகத் தொடங்குபவர்கள் தொட்டியையும் மீனையும் ஒரே பில்லில் போடாமல் இருந்தாலே போதும். கடைக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கும். இரண்டாவது முறை வாங்கி வரும் மீன்கள் பிழைத்துக்கொள்ளும்.