வண்டியை வித்தாச்சு... பாட்டுக்கு மட்டும் மாசாமாசம் காசு!

பொங்கலுக்கு ராசிபுரம் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அப்பா பேங்க் பாஸ்புக்கை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"இந்த நூத்தி நாப்பத்தொம்பது என்னன்னு கொஞ்சம் பாரு கண்ணு. மாசாமாசம் போவுது. பேங்க்ல கேட்டா, நீங்கதான் அனுமதி குடுத்திருக்கீங்கன்னு சொல்றாங்க. நான் யாருக்குங் கண்ணு குடுத்தேன்?"

புரட்டிப் பார்த்தேன். அது காரில் பாட்டு கேட்கும் ஆப் ஒன்றின் சந்தா. புது கார் வாங்கியபோது, "மூணு மாசம் இலவசம் சார், இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். அப்பாவும் ஸ்கேன் செய்து, ஒரு ரூபாய் கட்டி, ரகசிய எண்ணையும் போட்டிருக்கிறார். அந்த ஒரு ரூபாயும் உடனே திரும்பி வந்துவிட்டதால், விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட வேண்டாம் என்று அந்தக் காரைப் போன மாசியிலேயே விற்றுவிட்டோம். கார் போய் 11 மாதம் ஆகிறது. பாட்டுக்கான காசு மட்டும் நிற்கவில்லை. 149 ரூபாய் வீதம் மொத்தம் 1,639 ரூபாய்.

பெரிய தொகை இல்லைதான். ஆனால், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸில் 40 வருடம் கணக்கு எழுதியவர் அப்பா. டீச்செலவு பத்து ரூபாய்க்குக்கூட சீட்டு இல்லாமல் கணக்கை முடிக்க மாட்டார். "எங்கணக்குல இருந்து எனக்கே தெரியாம எடுத்திருக்காங்களே" என்று அவர் சொன்னபோது, அந்தக் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

உள்ளே போக ஒரு தட்டு... வெளியே வர?

"இதோ, ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடறேங்கப்பா" என்று போனை வாங்கினேன். அந்த ஆப்பையே காணோம். பணம் போவதைத் தடுக்க அப்பா ஏற்கெனவே அதை அழித்திருந்தார். பலரும் செய்கிற தவறு இது. ஆப்பை அழித்தால் போனிலிருந்து படம் மட்டும்தான் போகும். சந்தா அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

மறுபடி இறக்கி உள்ளே போனேன். 'சந்தாவை ரத்து செய்' என்பதைத் தேடவே கால் மணி நேரம் ஆனது. கண்டுபிடித்து அழுத்தினால், "ஏன் எங்களைப் பிரிகிறீர்கள்?" என்று ஒரு பக்கம். அடுத்து, "இரண்டு மாதம் பாதி விலைக்குத் தருகிறோம்" என்று இன்னொன்று. அதற்கடுத்த பக்கத்தில் பளிச்சென்ற பச்சைப் பட்டையில் 'தொடர்க'. அதற்குக் கீழே, அப்பாவின் கண்ணாடியைப் போட்டாலும் தெரியாத சாம்பல் எழுத்தில் 'வேண்டாம்'. அதையும் அழுத்தினால், 'வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள்' என்று வந்து நின்றது. அழைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியில் வழி காட்டியது பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடைத் தம்பி. "அக்கா, அந்த ஆப்போட ஏன் மல்லுக்கட்டறீங்க? பணம் எந்த வழியா போவுதோ அந்த வழிய அடைங்க" என்றார். அப்பா பணம் அனுப்பும் யு.பி.ஐ ஆப்பைத் திறந்து, சுயவிவரப் பக்கத்தில் 'ஆட்டோபே' என்ற இடத்தைக் காட்டினார். பாட்டு ஆப்பின் பெயர் அங்கே இருந்தது. ரத்து என்பதை அழுத்தி ரகசிய எண்ணைப் போட்டதும் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தபால் ஆபீஸ் காலத்தில் இப்படி இல்லையே!

வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய கதையை எடுத்தார். ரேடியோ கேட்பதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1980களின் நடுப்பகுதி வரை வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் தபால் ஆபீஸுக்குப் போய்ப் பணம் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும் என்பதால் அதைத் திட்டாதவர்கள் கிடையாது.

"ஆனா ஒண்ணு கண்ணு, நாம போய்க் கட்டினாத்தான் காசு. அவுங்களா வந்து சட்டப்பையில கைய உடல" என்றார்.

யோசித்துப் பார்த்தால், வார இதழ்ச் சந்தாவும் அப்படித்தானே இருந்தது? 'உங்கள் சந்தா இந்த இதழோடு முடிகிறது' என்று கடிதம் வரும். பிடித்திருந்தால் மணியார்டர் அனுப்புவோம். இல்லையென்றால் சும்மா இருப்போம், இதழும் நின்றுவிடும். அன்றைக்குச் சும்மா இருந்தால் 'வேண்டாம்' என்று அர்த்தம். இன்றைக்குச் சும்மா இருந்தால் 'வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மௌனம் சம்மதம் என்பதைக் கல்யாணப் பேச்சில் கேட்டிருக்கிறோம். இப்போது அதை வைத்தே வியாபாரம் நடக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

கார் ரேடியோ சந்தா பெரிய அளவில் நடக்கும் நாடு அமெரிக்கா. அங்கே சிரியஸ் எக்ஸ்எம் என்ற நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கார்களுக்கு வானொலி தருகிறது. சேருவது எளிது, விலக வேண்டுமானால் ஊழியரோடு போனிலோ சாட்டிலோ நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது என்று நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் 2023 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். விலகும் வழியை அந்த நிறுவனம் எளிமையாக வைக்கவில்லை, அது சட்ட மீறல் என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

நம் ஊரில் நடந்தது இதற்கு நேர் எதிர். வேர்ல்டுஸ்பேஸ் நினைவிருக்கிறதா? ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத்தில் வந்தாரே, அந்தச் செயற்கைக்கோள் வானொலிதான். விளம்பரமே இல்லாமல் நாள் முழுக்கப் பாட்டு. தமிழுக்கு ஒரு சேனல், கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு சேனல் என்று தனித்தனியாக இருந்தன. தனி ரேடியோ பெட்டி வாங்கி, ஆன்டெனாவை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்து, முன்பணமாகச் சந்தா கட்டிக் கேட்டார்கள். தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. ஆசையாக வாங்கிய பெட்டிகள் அலமாரியில் மௌனமாக உட்கார்ந்தன. மாதக்கணக்கில் சந்தா பாக்கி இருந்தவர்களுக்கு அந்தப் பணம் போனதுதான்.

விலக நினைப்பவரை விட மறுக்கிறார்கள் ஒரு பக்கம். இருக்க நினைப்பவரைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் இன்னொரு பக்கம். இரண்டிலும் கடிவாளம் நம் கையில் இல்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

இந்தியாவில் இதற்கு விதிகள் இருக்கின்றன. பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அப்போதே அதை மறுக்கவும் வசதி இருக்க வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்க மாட்டார்கள். முதல்முறை நாம் போடும் எண்ணே போதும். அப்பா அந்த ஒரு ரூபாய்க்குப் போட்ட எண்தான் எல்லா மாதத்துக்குமான கையெழுத்தாகிவிட்டது.

அப்பாவின் போனைத் தேடிப் பார்த்தேன். 24 மணி நேரத்துக்கு முன் வர வேண்டிய மெசேஜ் மாதம் தவறாமல் வந்திருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில், லோன் விளம்பரங்களுக்கு நடுவில். விதிப்படி எல்லாம் சரிதான். படிக்க வேண்டியவருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

அடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு விதிகள். ஆன்லைனில் நம்மை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை அது பட்டியலிடுகிறது. அதில் ஒன்று 'சந்தாப் பொறி'. ரத்து செய்யும் இடத்தை ஒளித்து வைப்பது, ரத்து செய்வதைச் சுற்றி வளைத்து நீட்டுவது, இலவசம் என்று சொல்லிவிட்டு அதற்கே தானியங்கிப் பணப் பிடித்தத்துக்கு அனுமதி கேட்பது எல்லாமே அதில் வருகின்றன. அப்பாவுக்கு நடந்ததை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியதுபோல இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* யு.பி.ஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். தேவையில்லாததை ரத்து செய்யுங்கள்.

* ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரிலும், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரை அழுத்தியும் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பட்டியலைப் பார்க்கலாம். கார்டு வழியாகப் போகும் பணத்தை உங்கள் வங்கியிடம் சொல்லி நிறுத்தலாம்.

* பணம் போகும் வழியை அடைத்த பிறகு, நிறுவனத்துக்கும் 'சந்தா வேண்டாம்' என்று மெயில் அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது.

* வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

* 'இலவசம்' என்ற சொல்லுக்குப் பிறகு ரகசிய எண் கேட்டால் நிறுத்திப் படியுங்கள். அப்படியும் சேர்ந்தால், இலவசம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பே காலண்டரில் குறித்து வையுங்கள்.

* தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு இரண்டு, மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டும் முன் வேர்ல்டுஸ்பேஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

* நிறுவனம் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அன்று சாயங்காலம் 1915-ல் புகாரைப் பதிவு செய்தோம். 1,639 ரூபாய் திரும்பி வருமா என்பது போகப் போகத்தான் தெரியும். புகார் எண்ணை அப்பா தன் கையாலேயே டைரியில் எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது. எழுந்து போய் பழைய டிரான்சிஸ்டரைத் திருகி தர்மபுரி எஃப்.எம் வைத்தார்.

"இவங்க எத்தன வருசமா பாடறாங்க... ஒரு மெசேஜ் அனுப்பிருப்பாங்களா?" என்று சிரித்தார்.

ஊருக்குத் திரும்பும் முன் அம்மாவின் போனையும் வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு இருந்தன. ஒன்று ஜோசிய ஆப், இன்னொன்று என்னவென்று அம்மாவுக்கே தெரியவில்லை. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கேட்க அவர்களுக்குத் தயக்கமாக இருக்கும். நாமாகத்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.