ஆற்றை நகர்த்திய ஊர்

வலென்சியாவின் அழகு முழுவதையும் பார்க்க, தண்ணீர் ஓடாத ஓர் ஆற்றுக்குள் இறங்கி நடக்க வேண்டும். 15, 16-ம் நூற்றாண்டுக் கல்பாலங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் அடியில் ஆரஞ்சு மரங்கள், சைக்கிள் பாதை, பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். 1398-ல் கட்டி முடித்த செர்ரானோஸ் கோட்டை வாசலைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கமாக நடந்தால், இந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் கலாத்ராவா பெரும்பகுதியை வடிவமைத்த வெள்ளை வெளேரென்ற கலை, அறிவியல் நகரம். இரண்டுக்கும் இடையில் அறுநூறு ஆண்டுகள். ஸ்பெயினில் இப்படியொரு நடை வேறெங்கும் வாய்க்காது.

1957 அக்டோபர் 14 அன்று துரியா ஆறு ஊருக்குள் புகுந்தது. குறைந்தது 81 பேர் மாண்டார்கள். அதன்பின் ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காலியான படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். படுகை எங்களுடையது, பசுமையாகவே வேண்டும் என்றார்கள். அவர்கள் போராடிப் பெற்றதுதான் இன்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளும் இந்தப் பூங்கா.

பட்டுச் சந்தை மண்டபத்தின் முறுக்குத் தூண்கள், அதன் எதிரே 1928-ல் திறந்த மத்திய மார்க்கெட் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த ஊரின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை நண்பகல், பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசல். கறுப்பு அங்கி அணிந்த எட்டு விவசாயிகள் அரைவட்டமாக நாற்காலியில் அமர்கிறார்கள். ஆளுக்கொரு பாசனக் கால்வாயின் பிரதிநிதி. சேவகர் ஒவ்வொரு கால்வாயின் பெயரையும் உரக்கக் கூவி, புகார் உண்டா என்று கேட்கிறார். முறை தவறி மடை திறந்தவர், கால்வாயைத் தூர் வாராமல் விட்டவர் இங்கே பதில் சொல்ல வேண்டும். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்மொழி. குற்றம் சாட்டப்பட்டவரின் கால்வாய்ப் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. மேல்முறையீடும் இல்லை. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று ஊரார் சொல்லும் இந்த நீர் நீதிமன்றத்தை யுனெஸ்கோ 2009-ல் தன் பட்டியலில் சேர்த்தது. பல வாரங்களில் வழக்கே இருக்காது; சில நிமிடங்களில் எழுந்துவிடுவார்கள்.

இந்த நீதிமன்றத்துக்கு வேலை இருக்க வேண்டுமானால் வயல் இருக்க வேண்டும். அரேபியர் காலத்துக் கால்வாய்கள் பாயும் அந்த 'ஹோர்த்தா' வயல்வெளி ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கி வருகிறது. அடுக்குமாடி, கிடங்கு, சாலை என்று கான்கிரீட் ஏறிக்கொண்டே போகிறது. வேலையும் வீடும் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் மழைநீர் பரவி இறங்க வேண்டிய மண்ணை மூடிவிட்டு அந்த வீட்டைக் கட்டலாமா?

ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் என்ற பட்டத்தை வலென்சியா ஏற்றிருந்தது 2024-ல். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று போயோ ஓடை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திருப்பிவிட்ட ஆறு நடுநகரைக் காப்பாற்றியது. அதற்குத் தெற்கே இருந்த பைபோர்த்தா போன்ற ஊர்கள் சேற்றில் புதைந்தன. அடுத்த நாட்களில் நகரத்து இளைஞர்கள் மண்வெட்டியும் துடைப்பமுமாகப் புதிய ஆற்றின் நடைபாலத்தைக் கடந்து சாரி சாரியாகப் போனார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டியும் வலென்சியா இருக்கிறது. சுற்றுலாப் படங்களில் அது வருவதில்லை.

நீங்கள் போகும்போது பயணத்தில் ஒரு வியாழக்கிழமை இருக்கட்டும். நீதிமன்றம் கலைந்ததும் மெட்ரோ ஏறி, பக்கத்து அல்போராயாவுக்குப் போய் வயல் வரப்பில் நடந்து பாருங்கள். அந்த மண்ணில் விளையும் கோரை இனத்துக் கிழங்கை அரைத்துப் பிழிந்ததுதான் 'ஓர்சாத்தா' பானம். ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். அந்த விவசாயி நிலத்தை விற்காமல் வைத்திருக்க நம்மால் செய்யக்கூடியது அது.