துடிப்பு மாத்திரையும் கூடவே வரும் தொல்லைகளும்

மும்பையில் ஊர்க்காரர்கள் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனைக்கு ஒரு பக்கம் தாராவி, இன்னொரு பக்கம் மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். மூன்று இடங்களிலும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இவர்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு கவலைகள் உண்டு. நெஞ்சு மறுபடி படபடக்குமோ என்பது ஒன்று. இந்த மாத்திரை உடம்பில் வேறு எதையாவது கெடுத்துவிடுமோ என்பது மற்றொன்று.

இரண்டாவது கவலை நியாயமானதுதான். துடிப்பைச் சீராக்கும் மருந்துகளில் சில உண்மையிலேயே கடுமையானவை. ஆனால் அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. எந்தத் தொல்லையை எப்போது, எந்தப் பரிசோதனையில் பிடிக்கலாம் என்று தெரிந்துகொண்டால் பயத்திலிருந்து மீள ஒரு வழி பிறக்கும்.

எகிப்துச் செடியில் தொடங்கிய மருந்து

இந்த வகையில் அதிகம் பயமுறுத்துவது அமியோடரோன். நைல் நதிக்கரையில் சிறுநீரகக் கல் வலிக்குக் கொடுத்துவந்த கெல்லா என்ற செடியில் இதன் கதை தொடங்குகிறது. 1940களில் கெய்ரோவில் ஆய்வு செய்த அன்ரெப், அந்தச் செடியின் சத்து நெஞ்சுவலியையும் தணிப்பதைக் கவனித்தார். அந்த வழியில் போன பெல்ஜிய வேதியியலாளர்கள் 1961இல் அமியோடரோனை உருவாக்கினார்கள். நெஞ்சுவலிக்கு வந்த இந்த மருந்து துடிப்பையும் கட்டுப்படுத்தும் என்று 1970இல் ஆக்ஸ்ஃபோர்டில் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரம்மா சிங். ஃபிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளி மருத்துவர் அவர்.

மருந்தின் எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலிருந்து தினமும் சுமார் 6 மில்லிகிராம் அயோடின் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ 0.15 மில்லிகிராம்தான். போதாததற்கு, மருந்து கொழுப்பில் சேர்ந்து தங்கிவிடும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். இன்று நிறுத்தினால் நாளைக்குத் தொல்லை போய்விடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

தைராய்டு, தோல், கண்

இவ்வளவு அயோடின் சேர்ந்தால் முதலில் தடுமாறுவது தைராய்டு. அது மந்தமானால் சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல், குளிர் தாங்காமை வரும். "வயசாகிவிட்டது, அதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தால் எடை குறையும், கை நடுங்கும், அடங்கியிருந்த படபடப்பு திரும்பி வரும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து நோயாளி அளவைக் கூட்டச் சொல்வார். கோளாறு தைராய்டில் இருக்கும்.

தைராய்டுக்கும் துடிப்புக்கும் உள்ள உறவை உலகமே கவனித்த ஒரு சம்பவம் உண்டு. 1991 மே மாதம் அமெரிக்க அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் ஓட்டப்பயிற்சியின்போது மூச்சு வாங்கித் தளர்ந்தார். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற துடிப்புக் கோளாறு. காரணத்தைத் தேடியபோது, மிகையாகச் சுரந்த தைராய்டு தெரியவந்தது. அவர் அமியோடரோன் சாப்பிட்டவரல்லர். ஆனாலும் துடிப்பு கெட்டால் தைராய்டைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர் கதை நல்ல சாட்சி.

கண்ணின் கருவிழியில் நுண்ணிய படிவுகள் அமியோடரோன் சாப்பிடும் பெரும்பாலோருக்கு வரும். சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். பார்வை பொதுவாகக் கெடாது. பார்வை திடீரென்று மங்கினால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தோல் வெயிலைத் தாங்காது. முழுக்கைச் சட்டையும் குடையும் பெரிய அளவுக்கு உதவும்.

இருமல் என்றாலே காசநோயா?

அமியோடரோனின் மிக மோசமான விளைவு நுரையீரலில் வருவது. வறட்டு இருமல், மூச்சிரைப்பு, லேசான காய்ச்சல், எடை குறைதல், எக்ஸ்ரேயில் நிழல். தாராவி போன்ற நெருக்கமான இடத்தில் இந்த அடையாளங்களைக் கேட்டதும் யாருக்கும் டிபிதான் நினைவுக்கு வரும். அப்படி நினைப்பதில் தவறில்லை, சளிப் பரிசோதனையும் அவசியம். ஆனால் இதய மாத்திரையின் அட்டையையும் அங்கே எடுத்துக்காட்ட வேண்டும். நுரையீரல் பாதிப்பு மருந்தால் வந்ததென்றால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

டிபி உறுதியானாலும் அட்டையைக் காட்டியே ஆக வேண்டும். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் பலர் கூடவே சாப்பிடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் வேகத்தைப் பெரிதும் குறைத்துவிடும். டிபி சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது வேகம் மறுபடி ஏறி ரத்தக்கசிவு வரலாம். மருந்துக்கு அடங்காத டிபிக்குத் தரும் பெடாக்விலின், மாக்ஸிஃப்ளாக்சசின் இரண்டும் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டுபவை. அமியோடரோனும் அதையே செய்யும். இவை சேரும்போது ஆபத்தான துடிப்புக் கோளாறு வர வாய்ப்புண்டு. ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாமல் போவதால் வரும் விபத்து இது.

ஐஎன்ஆர் சீட்டு

சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, அதனால் துடிப்பு கெட்டவர்கள் நம் நாட்டில் இன்னும் பலர். இவர்களுக்கு ரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வராமலிருக்க அசெனோகௌமரால் அல்லது வார்ஃபரின் தருகிறார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார்க்க வேண்டும். பொதுவாக அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஊசிக்கும் வரிசைக்கும் சலித்து, பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள்.

அதற்கு 2022இல் பதில் வந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய இன்விக்டஸ் ஆய்வு, 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளைக் கவனித்தது. புதிய ரிவராக்ஸபானைவிடப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. வால்வு நோய் இல்லாத மற்றவர்களுக்குப் புது மாத்திரைகள் நன்றாகவே பொருந்துகின்றன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்பதற்காக மாறுவது சரியல்ல.

கீரையை விட்டொழிக்கவும் வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மை. மாட்டுங்கா கடைவீதியில் முருங்கைக்கீரை மலிந்த வாரம் தினமும் சமைத்துவிட்டு, அடுத்த வாரம் அடியோடு நிறுத்துவதுதான் ஐஎன்ஆரை அலைக்கழிக்கும். ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் இன்னொரு கவனம். சயானிலும் கிங் சர்க்கிளிலும் தேங்கிய தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் தருவதுண்டு. அது ஐஎன்ஆரை ஏற்றக்கூடும். வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். அமியோடரோனும் அப்படித்தான், அதைத் தொடங்கினால் உறைதடுப்பு மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் குறைக்க வேண்டிவரும்.

மற்ற மாத்திரைகள்

மெட்டோப்ரொலால் போன்றவை அசதியையும் கைகால் குளிர்ச்சியையும் தரலாம். ஆஸ்துமாக்காரர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சட்டென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும். டிகாக்சினுக்கு நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தாலோ, வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கினாலோ அது விஷமாகும். பசியின்மை, குமட்டல், எல்லாம் மஞ்சளாகத் தெரிவது ஆகியவை அதன் எச்சரிக்கைகள்.

துடிப்பைச் சீராக்கினாலே உயிர் நீளும் என்ற எண்ணத்தை 1989இல் அமெரிக்காவின் காஸ்ட் ஆய்வு உடைத்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெக்கனைடு, என்கனைடு கொடுத்தபோது தவறிய துடிப்புகள் அடங்கின, இறப்புகளோ கூடின. பழைய மாரடைப்பைப் பற்றி டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

கேஸ் பேப்பரில் இருக்க வேண்டியவை

அமியோடரோன் தொடங்கும் முன்பே தைராய்டுக்கான டிஎஸ்எச், கல்லீரல் பரிசோதனை, ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்ற இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்ப்பது வழக்கம். தேதி தவறினால் நோயாளியே கேட்கலாம். கேட்பது உரிமை.

மயக்கம், கறுப்பு மலம், நிற்காத ரத்தம், வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் வலுவிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஓபிடி நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருந்தின் பக்கவிளைவை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கவும் வழி உண்டு. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரின் மேசையில் வையுங்கள்.