ஜன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும்!

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அங்கே உள்ள சின்னஞ்சிறு கிராமம் லேக்காக். நாலைந்து தெருக்கள்தான். ஆனால், உள்ளே நுழைந்தால் இருநூறு, முந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டது போல் இருக்கும்!

வீடுகளில் பெரும்பாலானவை 18-ம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ கட்டப்பட்டவை. ஒரு வீடு 14-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வளைந்த இரண்டு பெரிய மரங்களைக் கை கூப்பியது போல் சாய்த்து நிறுத்தி, அவற்றின் மேல் கூரையை ஏற்றியிருக்கிறார்கள்.

ஊரையே கொடுத்த அம்மையார்

இந்த ஊர் டால்பட் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. போட்டோக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான பாக்ஸ் டால்பட் இந்தக் குடும்பத்தவர்தான். 1835-ல் தம் மாளிகையின் ஜன்னல் ஒன்றை அவர் படம் பிடித்தார். காமிராவில் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான்!

அவருடைய பேத்தி மடில்டா டால்பட் அம்மையார், 1944-ல் மாளிகையையும் கிராமத்தையும் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற ஸ்தாபனத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். 1895-ல் தொடங்கிய தர்ம ஸ்தாபனம் அது. வீடுகளை அது வாடகைக்கு விட்டிருக்கிறது.

குண்டு வீச்சும் சட்டமும்

யுத்தத்தில் ஜெர்மன் குண்டுகள் விழுந்தபோது, எந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று ஜாபிதா எழுத ஆரம்பித்தார்கள். 1944, 1947-ம் வருஷச் சட்டங்கள் அந்த ஜாபிதாவை நாடு முழுவதற்கும் விரித்தன. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள் அதில் இருக்கின்றன. 1700-க்கு முன் கட்டப்பட்டு, பெரிதும் உருமாறாமல் நிற்கும் வீடுகள் அநேகமாக எல்லாமே அதில் அடக்கம்.

ஜாபிதாவில் ஏறிய வீட்டின் தன்மை மாறும்படி எதைச் செய்வதானாலும் முன் அனுமதி வேண்டும். மீறினால் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைகூட உண்டு!

குடியிருப்பவர் பாடு

குளிர் தேசத்தில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலோடு காலம் தள்ளுவது லேசல்ல. இரட்டைக் கண்ணாடி போட்டால் கதகதப்பாக இருக்கும். விறகுச் செலவும் குறையும். ஆனால், பழைய ஜன்னல் போய்விடுமே! அனுமதி சுலபத்தில் கிடைக்காது.

சுவரைப் பூசுவதிலும் கட்டுப்பாடுதான். அதில் நியாயம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் உள்ளே புகுந்தாலும் வெளியேறிவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தை உளுக்க வைத்துவிடும்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் என்ன? லேக்காக்கில் பள்ளிக்கூடம் நடக்கிறது. மாதாகோவிலில் மணி அடிக்கிறது. ரொட்டிக் கடையும் இருக்கிறது. ஊர் காட்சிசாலை ஆகிவிடவில்லை.

சட்டம் சுவரைக் காப்பாற்றும். ஆனால், ஆள் இல்லாத வீட்டுக் கூரையில் ஓடு நழுவினால் யாருக்குத் தெரியும்? ஒழுகுகிறது என்று சொல்ல, உள்ளே ஒருவர் குடியிருக்க வேண்டும். அவர் குளிரில் நடுங்காமல் இருப்பதற்கும் வழி செய்தால்தான், அந்த வீடு இன்னும் நூறு வருஷம் நிற்கும்!