எனக்கு ஒண்ணும் செய்யலையே!

காடுகரையில் பாடுபடுகிற உடம்புக்கு பி.பி. எங்கே வரப்போகிறது என்ற நம்பிக்கை குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இன்னும் முழுதாகப் போகவில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் தொற்றாநோய்கள் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். இந்த இரண்டாவது எண்தான் பயமுறுத்துகிறது. அது பழைய கணக்கு என்பது சரிதான்; 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போக வேண்டுமே! ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று நாமாக நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து.

தலை சுற்றவில்லை, படபடப்பு இல்லை, பிறகெதற்கு மாத்திரை என்கிறார்கள். அளவு ஏறியிருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. இதயம், மூளை, கண், சிறுநீரகம் நான்கிலும் ரத்தக்குழாய்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். ‘ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதே’ என்பது பலருக்கு உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. ‘மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும்’ என்பதில்தான் பழி இடம் மாறுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்பு. களையெடுத்த இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், பி.பி.யையும் ஏற்றலாம். அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை! உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் அந்தக் கணக்கில்தான் சேரும். வேர்வையில் போய்விடும் என்று இரட்டிப்பாக அள்ளிப்போட்டுக்கொள்வதற்கு நியாயமில்லை.

பி.பி. கருவி 180/120-ஐத் தாண்டிக் காட்டினால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் என எது சேர்ந்திருந்தாலும் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இவை எதுவும் இல்லாமல் அளவு மட்டும் இறங்காதிருந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயத்தில் இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. அழுத்தம் சட்டென்று விழுந்தாலும் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். வீட்டுக்கு மாத்திரை வராத மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு இலவசமாக வாங்கலாம். அங்கும் இல்லையென்றால் 104 சுகாதார உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பி.பி. பார்க்கும் ஒவ்வொரு முறையும் தேதியையும் அளவையும் நோட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளை சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்கே போக நேர்ந்தாலும், எந்த மருந்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிக்க மருத்துவருக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.