தலையில் கேமரா, முதுகில் பாராசூட்: வானத்தில் படம் பிடிக்கிறவங்க என்ன மாட்டுறாங்க, எப்படி மாட்டுறாங்க?

இந்த எபிசோட் கேமரா பற்றியது. விமானத்துல இருந்து குதிக்கிறவர் தலையில கட்டியிருக்கிற கேமரா.

பள்ளிப்பட்டுல இருக்கிற என் சித்தி பையன் ஸ்கைடைவிங் கத்துக்கணும்னு காசு சேர்த்துக்கிட்டு இருக்கான். அவன் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, எந்த கேமரா வாங்கலாம்?" எங்கே கத்துக்கறது, எவ்வளவு நாள் ஆகும் என்பதெல்லாம் அப்புறம்தான். அவன் வயசுல இருக்கிற பலருக்கும் இதே வரிசைதான்னு நினைக்கிறேன். அதனால அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

கீழே இருந்து அடிக்கிற காற்று

வயிறு தரையைப் பார்க்க விழுகிற ஒருவரின் வேகம் மணிக்கு சுமார் 200 கி.மீ. ஆனா வீடியோவில் அவர் அசையாம மிதக்கிற மாதிரிதான் தெரியும். படம் எடுக்கிறவரும் அதே வேகத்துல விழுறார், அதனால இரண்டு பேருக்கும் நடுவுல வேக வித்தியாசம் கிட்டத்தட்ட கிடையாது. பக்கத்துப் பக்கத்துல ஓடுற இரண்டு மின்சார ரயில்ல உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. கேமராவுக்கு உண்மையான தொல்லை அந்தக் காற்று தலையை உதறுவதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணிக்கு 200 கி.மீ. என்றால் வினாடிக்கு சுமார் 55 மீட்டர். அந்த வேகத்துல, அந்த உயரத்துல இருக்கிற காற்று ஒரு சதுர மீட்டர் மேல சுமார் 1,500 நியூட்டன் அழுத்தம் தரும். உங்க கேமரா 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பெட்டின்னு வைங்க. அது மேல விழுற விசை 15 நியூட்டன், அதாவது ஒன்றரை கிலோ எடைக்குச் சமம். ஹெல்மெட்டின் ஒரு பக்கம் மட்டும் அந்தப் பெட்டி நீட்டிக்கிட்டு இருந்தா, யாரோ ஒருத்தர் குதிச்ச நேரம் முழுக்க உங்க தலையை ஒரு பக்கமாவே தள்ளிக்கிட்டு இருக்கிற மாதிரி. அதனாலதான் கேமரா சின்னதா இருக்கணும், தலையை ஒட்டி இருக்கணும், முடிஞ்ச அளவு நடுவுல இருக்கணும்.

நம்ம பக்கத்துல ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி ஏறுகிற காவடிகளைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். எடை இரண்டு பக்கமும் சமமா இருந்தா தூக்கிட்டு ஏறிடலாம். ஒரு பக்கம் சாய்ஞ்சா, எடை அதேதான், ஆனா கழுத்து போயிடும்.

ஏன் தலை?

கையில பிடிக்க முடியாதா? முடியாது. காற்றுல திசை திருப்பறதும் நிலையா நிற்கறதும் கையாலதான். பாராசூட்டைத் திறக்கறதும் கையாலதான். நெஞ்சுல கட்டலாமா? அங்கே ஏற்கெனவே இரண்டு முக்கியமான கைப்பிடிகள் இருக்கு. பொதுவான அமைப்பில் வலப்பக்கம் இருக்கிறது சிக்கலான முதன்மைப் பாராசூட்டைக் கழற்றி விட. இடப்பக்கம் இருக்கிறது ரிசர்வ் பாராசூட்டைத் திறக்க. அந்த இடத்தை எதுவும் மறைக்கக் கூடாது. மிச்சம் இருக்கிறது தலைதான். கண் எங்கே பார்க்குதோ கேமராவும் அங்கே பார்க்கும் என்கிற வசதியும் சேர்ந்து கிடைக்குது.

டாண்டம் குதிப்பில், அதாவது பயிற்றுநரோட சேர்த்துக் கட்டிக்கிட்டு குதிக்கும்போது, பல பயிற்றுநர்கள் இடது மணிக்கட்டில் ஒரு சின்ன ஆக்‌ஷன் கேமரா கட்டியிருப்பாங்க. அது நிறைய அனுபவமும் தனிப் பயிற்சியும் உள்ளவங்க செய்கிற வேலை. ஹரியானாவின் நார்னவுல் மாதிரி இடத்துல டாண்டம் குதிக்கப் போறீங்கன்னா நீங்க கேமராவே வாங்க வேண்டாம். எடுத்துட்டுப் போனாலும் உங்க கையில கொடுக்க விட மாட்டாங்க.

மாட்டிக்கிற இடம் இருக்கக் கூடாது

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, அது இதுவா இருக்கட்டும்.

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் வளர்ந்தவங்களுக்கு விசைத்தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. தறி ஓடும்போது பக்கத்துல தளர்வான துண்டு, தொங்குற கயிறு எதுவும் வேண்டாம்னு பெரியவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஓடுற நூல் எதையாவது பிடிச்சா விடாது.

பாராசூட் திறக்கிறதும் அப்படித்தான். பல மீட்டர் நீளக் கயிறுகள் ஒரு சில வினாடியில முதுகுல இருந்து உருவிக்கிட்டு மேலே போகும். உடம்பு சாய்ஞ்சோ சுழன்றோ இருந்தா அந்தக் கயிறுகள் தலையை உரசிக்கிட்டுப் போகலாம். பைக் ஹெல்மெட்ல மாட்டுற மாதிரி கேமராவை ஒரு கொம்பு வச்சு நிறுத்தி, திருகு நீட்டிக்கிட்டு இருந்தா, கயிறு மாட்ட அது அழகான கொக்கி.

அப்படி மாட்டினா என்ன ஆகும்? பாராசூட் சரியா விரியாது. அதைக் கழற்றி விட்டுட்டு ரிசர்வைத் திறக்கலாம்னா, கழற்றின பாராசூட் போகாம உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு மேலே படபடக்கும். ரிசர்வ் அதுலேயே போய்ச் சிக்கலாம். ஒரு சின்னத் திருகு இரண்டு பாராசூட்டையும் கெடுத்துடும்.

இதுக்காகச் செய்கிற ஏற்பாடுகள் மூணு. ஒண்ணு, கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல கயிறு நுழையிற இடைவெளி இருக்கக் கூடாது. தட்டையான மவுன்ட், இடைவெளியை மூடுற வார்ப்பு, தேவையான இடத்துல டேப். ஒரு நூலை எடுத்து ஹெல்மெட் முழுக்க எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்க. எங்கே மாட்டுதோ அங்கே இன்னும் வேலை பாக்கி. இரண்டு, சில மவுன்ட்கள் ஒரு அளவுக்கு மேல இழுத்தா தானே உடைஞ்சு விலகும். மூணு, ஹெல்மெட்டையே கழற்றி விடுற கைப்பிடி. தாடைப் பட்டையை ஒரே கையால, ஒரே இழுப்புல விடுவிக்கணும். கேமரா விலை எவ்வளவா இருந்தாலும் அந்த நேரத்துல அது குப்பை.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. சும்மா கழன்று விழவும் கூடாது. பதிமூணாயிரம் அடியில இருந்து விழுகிற கால் கிலோ கேமரா கீழே இருக்கிறவருக்குக் கல். அதனால திருகுகளை ஒவ்வொரு குதிப்புக்கு முன்னாடியும் கையால தொட்டுப் பார்க்கணும்.

கழுத்து

பாராசூட் திறக்கும்போது, மணிக்கு 200 கி.மீ. வேகம் சில வினாடியில 20 கி.மீ. அளவுக்கு இறங்குது. நல்லபடியா திறந்தாலே உடம்பின் எடை மூணு நாலு மடங்கு ஆன மாதிரி இருக்கும். மோசமா திறந்தா பத்து மடங்கு. கேமராவோட ஹெல்மெட் இரண்டு கிலோன்னா, நல்ல திறப்பில் எட்டு கிலோ, கெட்ட திறப்பில் இருபது கிலோ, எல்லாம் கழுத்து எலும்பு மேல. இதனாலதான் தொழில்முறையில் படம் எடுக்கிறவங்க மெதுவா திறக்கிற பாராசூட்டைத் தேடி வாங்குறாங்க, ஹெல்மெட்ல ஒவ்வொரு கிராமையும் எண்ணுறாங்க.

லென்ஸ், ஃபோகஸ், பட்டன்

பெரிய ஜூம் வேண்டாம். அகல லென்ஸ்தான் சரி. ஜூம் அதிகமாக ஆக, தலை நடுக்கமும் பெருசா தெரியும். அகல லென்ஸ்ல முகம் பெருசா வேணும்னா கிட்டப் பறந்து போகணும். பறக்கத் தெரியாதவருக்கு எந்த கேமராவும் உதவாது என்பது இதுலயே தெரிஞ்சிடும்.

ஆட்டோஃபோகஸை நம்பாம, ஃபோகஸை முன்னாடியே வச்சு டேப் போட்டு ஒட்டுறவங்க உண்டு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 16 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 8 என்று வச்சா, சுமார் 1.1 மீட்டர்ல ஃபோகஸ் செய்தால் போதும். அரை மீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் தெளிவா வரும். ஷட்டர் வேகம் 1/500 அல்லது அதுக்கு மேல. ஆனா இதெல்லாம் பகல் வெளிச்சத்துக்கு.

வெளிச்சம் இல்லேன்னா என்ன ஆகும் என்பதுக்கு நல்ல உதாரணம் 2018ல வந்த ‘மிஷன்: இம்பாசிபிள் – ஃபால்அவுட்’. அதுல டாம் குரூஸ் 25,000 அடியில இருந்து குதிக்கிற காட்சியை எடுத்தவர் க்ரெய்க் ஓ'ப்ரையன். தலையில கேமராவோட, விமானத்தின் பின்கதவுல பின்பக்கமா நடந்து விழுந்து எடுத்தார். அந்தி வெளிச்சம் வேணும், அது நாளுக்குச் சில நிமிஷம்தான். அந்த மங்கல்ல லென்ஸை நல்லா திறந்து வைக்கணும், அப்போ ஃபோகஸ் ஆழம் சுருங்கிடும். டாம் குரூஸ் லென்ஸுக்கு மூணு அடி தூரத்துல வந்து நிற்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சிக்கு மொத்தம் 106 தடவை குதிச்சாங்க.

சரி, கை சும்மா இல்லாதப்போ பட்டனை யார் அழுத்தறது? வாய்தான். பல்லால கடிக்கிற சுவிட்ச், நாக்கால தள்ளுற சுவிட்ச், ஊதுற சுவிட்ச் எல்லாம் இருக்கு. வீடியோவைப் பொறுத்தவரை விமானத்துக்குள்ளேயே ஆன் பண்ணிட்டு, தரைக்கு வரும் வரைக்கும் தொடாம இருக்கறதுதான் நல்லது. கேமராவின் நடு எங்கே இருக்குன்னு தெரிய, ஒரு கண்ணுக்கு முன்னாடி வட்டங்கள் போட்ட சின்னக் குறிகாட்டியும் வைப்பாங்க.

குளிரையும் மறக்காதீங்க. ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி குறையும். கீழே 35 டிகிரின்னா பதிமூணாயிரம் அடியில 9 டிகிரி. புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2023 நவம்பர்ல எவரெஸ்ட் முன்னாடி 21,500 அடியில ஹெலிகாப்டர்ல இருந்து குதிச்சாங்க. அந்த மாதிரி உயரத்துல மைனஸ் இருபதுக்கும் கீழே போகலாம். பேட்டரி சீக்கிரம் படுத்துடும். குளிர்ந்த லென்ஸ் கீழே ஈரக் காற்றுக்கு வரும்போது பனி படியும். சென்னைக் காற்று தெரிஞ்சவங்களுக்கு விளக்கம் வேண்டாம்.

கேமராவின் உண்மையான எடை

1988 ஏப்ரல். அமெரிக்காவின் வட கரோலினா. ஐவன் மெக்குவயர், 35 வயசு, 800 தடவைக்கு மேல குதிச்சவர். ஒரு மாணவரையும் பயிற்றுநரையும் படம் எடுக்க அவங்களோட சேர்ந்து குதிச்சார். வீடியோ கருவியின் எடை உடம்புல இருந்தது. பாராசூட் இல்லை. போட்டுக்கவே இல்லை. முதுகுல இருந்த எடையைப் பாராசூட்னு நினைச்சிருக்கலாம் என்பதுதான் பரவலா சொல்லப்படுகிற விளக்கம். அவர் உயிர் பிழைக்கவில்லை.

இது கத்துக்குட்டியின் கதை கிடையாது. படம் எடுக்கணும்கிற நினைப்பு, 800 தடவை செய்த பழக்கத்தையே ஒரு நாள் மறைச்சிடுச்சு. அதனாலதான் அமெரிக்காவின் யு.எஸ்.பி.ஏ. அமைப்பு, குறைந்தது 200 குதிப்பு முடிக்காம கேமரா மாட்டாதீங்கன்னு பரிந்துரைக்குது. 200 பெரிய எண் மாதிரி தெரியும். ஒரு குதிப்பில் சுதந்திரமா விழுகிற நேரம் 50 வினாடின்னு வைங்க. 200 குதிப்பு என்பது 10,000 வினாடி. மூணு மணி நேரம் கூட இல்லை. மூணு மணி நேரம் வண்டி ஓட்டினவர் ஒரு கையில போன் வச்சு வீடியோ எடுத்துக்கிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுல போனா நாம என்ன சொல்வோம்?

ஆக, என் தம்பிக்குச் சொன்ன பதில் இதுதான். முதல்ல பயிற்சி. அப்புறம் உன் அளவுக்குச் சரியான பாராசூட். அப்புறம் உயரமானியும், குறிச்ச உயரத்துல காதுல ஒலிக்கிற கருவியும். அதுக்கப்புறம் 200 குதிப்பு. அதுக்கும் அப்புறம், மொழுமொழுன்னு ஒரு ஹெல்மெட், கழற்றி விடுற தாடைப் பட்டை, கடைசியா அதுல ஒரு சின்ன கேமரா. விமானம் ஏறும் முன்னாடி சோதிக்கும்போதும் இதே வரிசைதான்: பாராசூட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கேமராவைத் தொடணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பத்திரமா இருங்க.