மரத்திலிருந்து புறப்பட்ட கோடு

பழைய வீட்டுத் திண்ணையை யாரும் கடையில் வாங்கியதில்லை. சுவர் எழும்பும்போதே அதுவும் எழும்பியது. தலைமாட்டில் சாய்வாக ஒரு திண்டையும் காரையிலேயே பூசி முடித்துவிடுவார் கொத்தனார். நாற்காலி பிடிக்காவிட்டால் அடுத்த அறைக்குத் தள்ளிவிடலாம். திண்ணையைத் தள்ள முடியாது. உயரம் மூன்று அங்குலம் கூடிப்போனால், அந்த வீட்டுக் குட்டையர்கள் தலைமுறை தலைமுறையாகக் கால் தொங்கத்தான் உட்கார வேண்டும்.

இன்று அடுக்குமாடி வீடுகளில் திண்ணை வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டது. சன்னலுக்குக் கீழே நீளமாக, சாப்பாட்டு மேசையைச் சுற்றி 'ட' வடிவில், படிக்கட்டின் அடியில் என்று சுவரோடு சேர்த்துப் பிளைவுட்டில் கட்டுகிறார்கள். அடியில் இழுப்பறை, மேலே மெத்தை. வேறு பொருளானாலும் பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது: கட்டிய பிறகு மாற்ற முடியாது. அதனால்தான் தச்சர் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே அந்த இருக்கையை ஸ்கெட்ச்அப், ரெவிட், ரைனோ போன்ற மென்பொருளில் ஒருமுறை முழுக்கக் கட்டிப் பார்த்துவிடுகிறார்கள்.

திரையில் அது வெறும் படம்போலத் தெரியும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தப் படத்துக்குள் ஒரு நீண்ட பயணம் ஒளிந்திருக்கிறது. தச்சனின் கையிலிருந்து புறப்பட்ட ஒரு கோடு கணக்காக மாறி, திரும்பவும் மரத்துக்கே வந்து சேரும் பயணம்.

யாருடைய முழங்கால்?

இருக்கையின் முதல் எண் முழங்காலில் இருக்கிறது. முழங்கால் மடிப்பின் உட்புறத்திலிருந்து தரை வரை எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கையின் உயரமும். அதற்கு மேல் போனால் பலகையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். மிகவும் தாழ்ந்தால் தொடை பலகையை விட்டு எழும்பி, உடலின் பாரமெல்லாம் இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முண்டுகள் மீது இறங்கும். எழுந்திருக்கவும் சிரமம்.

கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 183 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓர் ஆளை அடிப்படையாக வைத்து 'மாடுலர்' என்ற அளவு வரிசையை உருவாக்கினார். அதில் உட்காரும் உயரம் 43 சென்டிமீட்டர். ஆனால் நம் வீடுகளில் எத்தனை பேர் 183 சென்டிமீட்டர்? அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடல்களை அளந்து, தேப்குமார் சக்ரவர்த்தியின் நூலாக 1997-இல் வெளியிட்டதற்குக் காரணம் இதுதான். ஊரான் உடம்புக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாது.

ஒரே இருக்கையில் பாட்டியும் நெடுநெடுவென்று வளர்ந்த பேரனும் உட்காருவார்கள். யாருக்கு அளப்பது? எட்ட வேண்டிய அளவுகளைக் குட்டையானவருக்கும், இடம் விட வேண்டிய அளவுகளைப் பெரிய உடல்காரருக்கும் வைப்பது வழக்கம். பாதம் தரையை எட்ட வேண்டும், முதுகு சாய்மானத்தை எட்ட வேண்டும். ஆகவே இருக்கையின் உயரமும் ஆழமும் பாட்டியின் கணக்கு. மேசைக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள இடைவெளி பேரனின் கணக்கு. உயரமானவர் காலை நீட்டிக்கொள்ளலாம். குட்டையானவர் காலை வளர்த்துக்கொள்ள முடியாது.

உறவுகளை நினைவில் வைக்கும் எந்திரம்

இந்த எண்கள் தனித்தனியாக நிற்பதில்லை. 40 சென்டிமீட்டர் உயரமுள்ள சாய்மானத்தைப் பத்து பாகை பின்னால் சாய்த்தால், அதன் மேல்விளிம்பு 7 சென்டிமீட்டர் பின்னுக்குப் போகும். பின்னால் இருப்பது சுவர், அது விலகாது. அந்த 7 சென்டிமீட்டரை உட்காரும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது இருக்கையை அறைக்குள் அந்த அளவு முன்னே இழுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது.

உயரத்தையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக, உட்காரும் மட்டம் லெ கொர்பூசியேயின் 43 சென்டிமீட்டரே என்று வைத்துக்கொள்வோம். மெத்தை அமுங்கியபின் மிஞ்சுவது 6, பலகையின் கனம் 1.8. கழித்தால் பெட்டியின் உயரம் 35.2. வீட்டுக்காரர் கடைக்குப் போய் இன்னும் கனமான மெத்தையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். அமுங்கியபின் அது 8. இப்போது பெட்டி 33.2 ஆக வேண்டும். இழுப்பறையின் முகப்பு குறைய வேண்டும், பக்கப் பலகைகள் குறைய வேண்டும், வெட்ட வேண்டிய பட்டியல் முழுவதும் மாற வேண்டும். தாளில் வரைந்திருந்தால் ரப்பரும் பென்சிலுமாக ஒரு நாள் போய்விடும். கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மற்றவை தாமே வழிவிடும், உறவுகளைச் சரியாகச் சொல்லி வைத்திருந்தால்.

கணினிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னோடி ஐவன் சதர்லாண்ட். 1963-இல் எம்.ஐ.டி. மாணவராக அவர் எழுதிய 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரல், டிஎக்ஸ்-2 என்ற பெரிய கணினியில் ஓடியது. திரையில் ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக நான்கு கோடுகளை இழுப்பார். 'இவை இணையாக இருக்கட்டும், இவை செங்குத்தாக நிற்கட்டும்' என்று பொத்தானை அழுத்தி நிபந்தனை வைப்பார். கோடுகள் தாமே நகர்ந்து ஒழுங்காக நிற்கும். அதுவரை கோடு என்பது தாளில் உலர்ந்துபோன மை. சதர்லாண்டின் திரையில் அது வாக்கைக் காப்பாற்றும் ஒன்றாக மாறியது. இன்றைய வடிவமைப்பு மென்பொருள்களில் 'உயரம் மாறினால் முகப்பும் மாறும்' என்ற ஏற்பாடு அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

நல்ல வடிவமைப்பாளர் பலகை தொய்வதையும் ஒரு விதியாக எழுதி வைப்பார். இரண்டு தாங்கிகளுக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் பலகை சற்று வளையும். தாங்கிகளின் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் அந்த வளைவு இரட்டிப்பாகாது, எட்டு மடங்காகும். ஆகவே 'இடைவெளி 60 சென்டிமீட்டரைத் தாண்டினால் நடுவே ஒரு குறுக்குப் பலகை' என்று விதி எழுதிவிட்டால், திரையில் இருக்கையை நீட்ட நீட்ட உள்ளே தடுப்புகள் தாமே முளைக்கும்.

சுவர் சொல்லும் பொய்

மென்பொருளுக்கு ஒரு பெரிய மூடநம்பிக்கை உண்டு: எல்லா மூலைகளும் 90 பாகை என்று அது நம்புகிறது. உண்மையான வீட்டில் பூச்சுக் கனம் இடத்துக்கு இடம் மாறும்; மூலை 91 பாகை இருக்கலாம். ஒரு பாகைதானே என்று விட்டால், இரண்டு மீட்டர் தள்ளிப் போனபோது 35 மில்லிமீட்டர் இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இரண்டு விரலை நுழைக்கலாம். பேனா, சில்லறை, பல்லி எல்லாம் நுழையும்.

இதைக் கண்டுபிடிக்க லேசர் கருவிதான் வேண்டும் என்பதில்லை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது. அளந்த சுவரை அதன் கோணலோடு திரையில் வரைவதுதான் முதல் வேலை. இருக்கையை நேராக வைத்து, சுவரோரம் ஓர் இடைவெளி விட்டு, அங்கே ஒரு பட்டையைப் பொருத்துவது இரண்டாவது. அந்தப் பட்டையைச் சுவரில் சாய்த்துவைத்து, கவராயத்தின் ஒரு காலைச் சுவரோடு உரசியபடி ஓட்டினால், மறு காலிலுள்ள பென்சில் சுவரின் மேடுபள்ளத்தைப் பட்டைமேல் அப்படியே எழுதிவிடும். கோட்டின் மேல் இழைத்து ஒட்டினால், மரமும் சுவரும் எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்குத் தெரியாது. கணினி எவ்வளவு முன்னேறினாலும் இந்தக் கடைசி அரை அங்குலத்தைக் கவராயத்துக்கே விட்டுவிடுகிறது.

வளைவு பிறந்த கதை

நேர் இருக்கைவரை கதை இவ்வளவுதான். மூலையை வளைவாகத் திருப்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லும்போதுதான் கோட்டின் பயணம் தொடங்குகிறது.

பார்சிலோனாவின் கூயெல் பூங்காவில், வானம் பார்த்த ஒரு பெரிய மேடையின் விளிம்பைச் சுற்றிப் பாம்புபோல் நெளிந்து ஓடுகிறது ஓர் இருக்கை. நீளம் சுமார் 110 மீட்டர். அன்டோனி கௌடியும் ஜோசப் மரியா ஜுஜோலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. மேலெல்லாம் உடைந்த ஓட்டுச் சில்லுகள் பதித்தது. முதுகின் வடிவம் கிடைப்பதற்காக ஒரு தொழிலாளியை ஈரக் காரையில் உட்காரவைத்து அச்சு எடுத்தார் கௌடி என்று ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, நெளிவுக்குப் பலன் உண்டு. உள்வாங்கிய வளைவில் உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசலாம். வெளியே புடைத்த வளைவில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு திசை பார்த்துத் தனித்திருக்கலாம்.

இப்படிப்பட்ட வளைவைக் கணினி எப்படிப் பிடிக்கிறது? பதில் கப்பல் கட்டும் பட்டறையில் இருக்கிறது. கப்பலின் பக்கவாட்டை வரைய அங்கே மெல்லிய, வளையும் மரப் பட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். வேண்டிய இடங்களில் ஈயக் கட்டிகளை வைத்துப் பட்டையை நிறுத்துவார்கள். கட்டிகளுக்கு நடுவே பட்டை தன் இயல்பில் வளையும். மரம் எப்போதும் தனக்கு மிகக் குறைந்த சிரமம் தரும் வடிவத்தையே எடுக்கும். அதனால்தான் அந்தக் கோடு கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அந்தப் பட்டையின் பெயர் ஸ்ப்ளைன். 1946-இல் கணித அறிஞர் ஐசக் ஷோன்பெர்க் அதே பெயரைத் தம் சூத்திர வளைவுகளுக்கு வைத்தார். மரம் கணக்குக்குள் நுழைந்தது அங்கேதான்.

அடுத்த திருப்பம் பிரான்சின் கார் தொழிற்சாலைகளில். 1959-இல் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த கஸ்தெல்ழோ வளைவுகளை வரைய ஓர் எளிய வழியைக் கண்டார். நிறுவனம் அதைப் பூட்டிவைத்தது. போட்டி நிறுவனமான ரெனோவில் பியர் பெசியே அதே வளைவுகளை வேறு வழியில் அடைந்து வெளியிட்டார். வளைவுக்குப் பெசியே பெயர் நிலைத்தது. வரையும் முறைக்குக் கஸ்தெல்ழோவின் பெயர்.

அந்த முறையை நீங்களே செய்து பார்க்கலாம். தாளில் நான்கு புள்ளிகள் வையுங்கள். வரிசையாக இணைத்தால் மூன்று கோடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. அவற்றை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுவிலும் புள்ளி. இணைத்தால் ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கிறது. நடுவுக்குப் பதிலாகக் கால் பங்கில், முக்கால் பங்கில் என்று திரும்பத் திரும்பச் செய்தால், புள்ளிகள் கோத்து ஒரு வழவழப்பான வளைவு எழும். முதல் புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடியும் அந்த வளைவு, நடுவிலுள்ள இரண்டையும் பொதுவாகத் தொடுவதில்லை. அவற்றின் பக்கம் சாய்ந்துவிட்டுப் போகும். சிக்குக்கோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாமல் வளைத்துக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஒரே ஒரு குறை: இந்த வளைவால் சுத்தமான வட்டத்தை வரைய முடியாது, கிட்டத்தட்டத்தான் முடியும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் 'எடை' எண் தந்து அந்தக் குறை தீர்க்கப்பட்டது. எடை கூடினால் வளைவு அந்தப் பக்கம் இழுபடும். கென் வெர்ஸ்பிரில் 1975-இல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தது இதைத்தான். ரைனோ போன்ற மென்பொருள்கள் இன்று இதன் மேல்தான் நிற்கின்றன. இருக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை ஒருமுறை வரைந்து, அதை இந்த வளைவின் வழியே இழுத்துச் சென்றால், முறுக்குக் குழலிலிருந்து மாவு வருவதுபோல் முழு இருக்கையும் திரையில் பிதுங்கி வந்துவிடும்.

மரத்துக்குத் திரும்புதல்

திரையில் வளைந்தது சரி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் வளையுமா? நேராக அழுத்தினால் முறியும். ஆகவே பலகையின் உட்புறத்தில் அருகருகே ரம்பத்தால் கோடு கோடாகக் கீறுகிறார்கள். 16 மில்லிமீட்டர் ஆழம் வெட்டி, வெளிப்பக்கம் 2 மில்லிமீட்டர் தோலை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வளைக்கும்போது உட்புறம் சுருங்க வேண்டும். கீறல்கள் மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தருகின்றன.

எத்தனை கீறல்? விட்டுவைத்த தோலின் உட்பக்க நீளத்துக்கும் உள்வளைவின் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சுருங்க வேண்டிய அளவு. செங்கோணத் திருப்பத்துக்கு அது 16-ஐ 1.57-ஆல் பெருக்கினால் வரும்: ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். ரம்பத்தின் வெட்டு 3 மில்லிமீட்டர் அகலம் என்றால் எட்டு அல்லது ஒன்பது கீறல். இந்தக் கணக்கில் வளைவின் ஆரம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? சோற்றுப்பானை அளவு இறுக்கமான திருப்பமானாலும் வண்டிச் சக்கரம் அளவு விரிந்த திருப்பமானாலும், மரம் தாங்கும் வரை கீறல்களின் எண்ணிக்கை அதேதான். இறுக்கமான வளைவில் அவை நெருங்கி நிற்கும், விரிந்த வளைவில் தள்ளி நிற்கும், அவ்வளவே.

மென்பொருள் ஒவ்வொரு கீறலின் இடத்தையும் கணக்கிட்டு, எட்டடிக்கு நாலடிப் பலகையில் எதை எங்கே வெட்டினால் சேதாரம் குறையும் என்று அடுக்கித் தருகிறது. வெட்டும் எந்திரம் அதன்படி ஓடுகிறது. அதன்பிறகு வேலை திரும்பவும் ஆசாரியின் கைக்கு வருகிறது. கீறல்களில் பசை தடவி, பலகையை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைக்கிறார். கீறல்கள் ஒவ்வொன்றாக வாய் மூடுகின்றன. கடைசிக் கீறல் மூடியதும் பலகை அதற்குமேல் அசையாது. எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கு இப்போது மரத்துக்குள்ளேயே இருக்கிறது.